காய்ந்த மண்ணை நம்பாதீர்கள்: செப்டிக் டேங்கிற்கு முன் மண்ணின் உறிஞ்சும் திறனைச் சோதிப்பது எப்படி?

செப்டிக் டேங்க் என்றாலே பேச்சு தொட்டியின் நீளம், அகலம், எத்தனை அறை என்பதோடு நின்றுவிடுகிறது. தொட்டி செய்வது பாதி வேலைதான். கனமானது அடியில் படிகிறது, எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கிறது, நடுவில் நிற்கும் கலங்கல் நீர் மறுபக்கக் குழாய் வழியே வெளியே போகிறது. அந்த நீரில் நோய்க்கிருமிகள் தாராளமாக இருக்கும். அதை வடிகட்டி, காற்றோட்டத்தில் கிருமிகளை மடியவைத்து, நிலத்தடி நீரைச் சேரும் முன் சுத்தம் செய்வது மண். அந்த மண்ணால் முடியுமா என்று கேட்காமல் தொட்டி கட்டுவது, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவர் எழுப்புவது போலத்தான்.

கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளப்பது. ஊடுருவல் சோதனை என்பார்கள், பேச்சுவழக்கில் பெர்க் டெஸ்ட். 1920-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரையன் என்பவர் இதற்கு உருவம் கொடுத்தார். பயன்பாட்டில் இருந்த கழிவுநீர் அமைப்புகளுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி, நீர் இறங்கும் வேகத்தை அளந்து, அந்த மண் எவ்வளவு கழிவுநீரைத் தாங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். இன்று பல நாடுகளின் விதிகளில் இருக்கும் முறைகள் அந்த வேரிலிருந்து கிளைத்தவையே.

நான் முதல்முறை இதைச் செய்தது நல்ல கோடையில். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், இருபதே நிமிடத்தில் காணாமல் போனது. அருமையான நிலம் என்று முடிவு கட்டிவிட்டேன். மழைக்காலத்தில் அதே குழியில் இரண்டு நாள் தண்ணீர் அசையாமல் நின்றது. காய்ந்த மண் தாகத்தில் குடித்ததை நான் வடிகால் என்று எண்ணியிருந்தேன். இந்த வழிகாட்டியில் இருக்கும் அத்தனை படிகளும் அந்த ஒரு ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான்.

முதலில் நடந்து பாருங்கள்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் நிலத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கோரையும் நாணலும் தானாக வளர்ந்திருக்கும் இடம் ஆண்டில் பல மாதம் ஈரமாக இருக்கும் இடம். மழை ஓய்ந்து ஒரு நாள் ஆகியும் நீர் தேங்கி நிற்கும் பள்ளம், மேட்டு நிலத்து மழைநீர் வழிந்து வரும் தடம், மண் கொட்டி மேடாக்கிய பகுதி, இவை மூன்றையும் அப்போதே ஒதுக்கிவிடலாம். கொட்டிய மண்ணில் சோதனை செய்வதில் அர்த்தமே இல்லை. ஓரிடத்தில் இறுகியும் அடுத்த அடியில் பொலபொலவென்றும் இருக்கும், இரண்டு வருடத்தில் அதுவும் மாறிவிடும்.

கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஓடை, குளம், கட்டடம், வேலி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். உறிஞ்சும் அமைப்புக்கும் (தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்க, ஜல்லி போட்டு அமைக்கும் உறிஞ்சு பள்ளங்கள்) குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2470 சொல்வது 18 மீட்டர். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர். அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் மறக்காதீர்கள். உங்கள் கழிவுநீருக்கு வேலி எங்கே என்று தெரியாது.

உங்கள் பகுதி அலுவலகம் இந்தச் சோதனையை யார் செய்யவேண்டும், எந்த மாதத்தில், எத்தனை குழியில் என்று விதி வைத்திருக்கலாம். சில இடங்களில் உரிமம் பெற்றவர் செய்தால்தான் செல்லும். சில இடங்கள் குழிச் சோதனையையே விட்டுவிட்டு, மண் அடுக்குகளை நிபுணர் படித்துச் சொல்வதை மட்டும் ஏற்கின்றன. வேலையைத் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இரண்டு தடவை தோண்டவேண்டி வரும்.

ஆழக் குழி: மண் எழுதி வைத்திருப்பதைப் படிப்பது

தண்ணீர் ஊற்றும் சோதனைக்கு முன்னால் சுமார் 2 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார்வைக் குழி வெட்டவேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன். நீர்ச் சோதனை ஒரு நாளின் நிலையைச் சொல்லும், குழியின் சுவர் பல வருடங்களின் கதையைச் சொல்லும்.

எப்படி? மண்ணின் நிறம் பெரும்பாலும் இரும்பின் நிறம். காற்று படும் மண்ணில் இரும்பு துருப்பிடித்து, சிவப்பாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரே சீராக இருக்கும். நீண்ட காலம் நீரில் ஊறிக் காற்றில்லாமல் கிடந்த மண்ணில் இரும்பு கரைந்து போய், சாம்பல் அல்லது நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். இரண்டும் கலந்து, சாம்பல் மண்ணில் துருப்புள்ளிகள் சிதறியது போல இருந்தால், அந்த உயரம் வரைக்கும் நீர்மட்டம் ஏறி இறங்குகிறது என்று பொருள். கடுங்கோடையில் குழி எலும்பாகக் காய்ந்திருந்தாலும் இந்தப் புள்ளிகள் மறையாது. புள்ளிகள் தொடங்கும் ஆழத்தை மேல்தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மழைக்கால நீர்மட்டம் அதுதான்.

உறிஞ்சு பள்ளத்தின் அடிப்பகுதிக்கும் அந்த மட்டத்துக்கும் நடுவே ஈரம் தேங்காத மண் போதுமான அளவு இருக்கவேண்டும். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் பழைய கையேடு 4 அடி கேட்டது, கீழே பாறை இருந்தாலும் அதே 4 அடி. கழிவுநீர் சுத்தமாவது அந்த அடுக்கில்தான். அது இல்லாவிட்டால் மேற்கொண்டு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது வீண்வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே அருமையான மணல் கலந்த மண், ஒரு மீட்டருக்குக் கீழே இறுகிய களிமண் தட்டு என்று அடுக்கு மாறலாம். மேலே செய்யும் சோதனை பிரமாதமாகத் தேறிவிடும், ஆனால் நீர் அந்தத் தட்டில் மோதிப் பக்கவாட்டில் போய், சரிவின் கீழே எங்கோ ஊற்றாக வெளிவரும்.

ஒரு எச்சரிக்கை: 1.2 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குள், சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் இறங்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும், சரிவதற்கு முன் சொல்லிவிட்டுச் சரியாது. மேலே நின்றபடியே மண்வெட்டியில் அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தால் போதும்.

கையில் பிசைந்து பார்ப்பது

பள்ளம் வரப்போகும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, நீர் விட்டுப் பிசைந்த மாவு பதத்துக்குக் கொண்டு வாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடா போலத் தள்ளிக்கொண்டே போங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். 25 மி.மீ. நீளம் வருவதற்குள் அறுந்தால் நடுத்தரமான கலப்பு மண். 25 முதல் 50 வரை வந்தால் களி அதிகம். 50-ஐத் தாண்டினால் அது களிமண்ணேதான். கரிசல் மாதிரி கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண்ணாக இருந்தால், சோதனையில் எவ்வளவு நல்ல எண் வந்தாலும் சந்தேகப்படுங்கள். வெடிப்புகளில் நீர் ஓடியதைத்தான் அளந்திருப்பீர்கள்.

இந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் அடுத்து வரும் எண் நம்பத்தகுந்ததா என்று சொல்ல இது உதவும். நாடா 60 மி.மீ. வருகிறது, ஆனால் நீர் மணலில் போவது போல இறங்குகிறது என்றால், அடியில் எலி வளையோ மக்கிய வேர்த்துளையோ இருக்கிறது.

சோதனைக் குழிகள்

இப்போது நீர்ச் சோதனை. உறிஞ்சு பள்ளம் வரப்போகும் பரப்பு முழுவதும் பரவலாகக் குழிகள் போடுங்கள். மேலே சொன்ன அமெரிக்கக் கையேடு ஆறு குழிகளாவது கேட்கிறது. பிரிட்டனில் குறைந்தது இரண்டு. மண் ஓரிடம்போல் ஓரிடம் இருக்காது, எனவே ஆறு என்பதே என் விருப்பம்.

குழி 100 முதல் 300 மி.மீ. அகலத்தில், சுவர் நேராக இருக்கட்டும். ஆழம் முக்கியம்: பள்ளத்தின் அடி எங்கே வருமோ அந்த ஆழம் வரைக்கும் வெட்டவேண்டும். மேல்மண்ணில் சோதித்துவிட்டு முக்கால் மீட்டர் கீழே கழிவுநீரை விடுவது, ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு இன்னொருவருக்கு மருந்து கொடுப்பது போல.

ஈரக் களிமண்ணில் மண்வெட்டியோ துளைக்கருவியோ பட்ட இடம் பூசி மெழுகியது போலப் பளபளக்கும். மண்ணின் நுண்துளைகள் அடைபட்டதால் வரும் பளபளப்பு அது. அப்படியே விட்டால் உண்மையைவிட மெதுவாக இறங்கும். ஒரு பலகையில் சில ஆணிகளை அடித்து, அதனால் சுவரையும் அடியையும் கீறிவிடுங்கள். உதிர்ந்த மண்ணை எல்லாம் எடுத்துவிட்டு, அடியில் 50 மி.மீ. கனத்துக்குச் சிறு ஜல்லியோ பருமணலோ போடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது அடி கரைந்து சேறாகாமல் இருக்க அது.

ஊறவைப்பதுதான் சோதனை

ஜல்லிக்கு மேல் 300 மி.மீ. உயரத்துக்குத் தெளிந்த நீரை மெதுவாக ஊற்றுங்கள். குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும், நீர்மட்டம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருங்கள். முதலில் ஊற்றியதிலிருந்து 24 மணி நேரம் கழித்து அளப்பது நல்லது.

எதற்கு இத்தனை பாடு? இரண்டு காரியம் நடக்கவேண்டும். ஒன்று, மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடங்கள் நிரம்பவேண்டும், இது சீக்கிரமே நடந்துவிடும். இரண்டு, களித்துகள்கள் நீரை உள்வாங்கி உப்பவேண்டும், இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். உப்பிய பிறகுதான் துளைகள் சுருங்கி, மழைக்காலத்து மண்ணின் நிலை வரும். குறுக்குவழி தேடுபவர்கள் எல்லோரும் இந்த இரண்டாவது வேலையைத்தான் வெட்டுகிறார்கள். "ரெண்டு வாளி ஊத்தினேன் சார், சும்மா குடிச்சிருச்சு" என்பது சோதனையில் சேராது.

களியே இல்லாத மணலுக்கு மட்டும் விலக்கு உண்டு. 300 மி.மீ. நீரை இரண்டு முறை ஊற்றியும் ஒவ்வொரு தடவையும் 10 நிமிடத்துக்குள் முழுக்க இறங்கிவிட்டால், காத்திருக்காமல் அளக்கத் தொடங்கலாம்.

இரவில் குழிகளைப் பலகை போட்டு மூடிவிடுங்கள். குழந்தைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் இடமாக இருந்தால் கயிறும் கட்டுங்கள்.

அளப்பது

குழியின் குறுக்கே நேரான பலகை ஒன்றை வைத்து, நகராதபடி இருபுறமும் கல் ஏற்றுங்கள். பலகையில் ஒரு புள்ளி குறித்து, எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்தே நீர்மட்டம் வரை அளக்கவேண்டும்.

மறுநாள் குழியில் நீர் மிச்சம் இருந்தால், ஜல்லிக்கு மேல் 150 மி.மீ. இருக்கும்படி சரிசெய்துவிட்டு, 30 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் போதும். நீர் எல்லாம் வடிந்திருந்தால் 150 மி.மீ.க்கு ஊற்றி, ஒவ்வொரு 30 நிமிடமும் இறக்கத்தைக் குறித்து, மறுபடி 150-க்கு நிரப்பி, இப்படி 4 மணி நேரம். மணலில் 150 மி.மீ. நீர் அரை மணிக்குள்ளேயே போய்விடும் என்பதால் 10 நிமிட இடைவெளியில் 1 மணி நேரம். எப்போதும் கடைசி அளவைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஒவ்வொரு முறையும் அதே 150-க்கு நிரப்புவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். நீர் அடி வழியாக மட்டுமல்ல, பக்கச் சுவர் வழியாகவும் போகிறது. மட்டம் குறையக் குறைய அழுத்தமும் குறைகிறது, ஈரம்படும் சுவரும் குறைகிறது, இறக்கமும் தானாகவே மந்தமாகிவிடும்.

கலப்பு மண்ணில் ஒரு குழியின் கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எட்டு அரைமணிகளின் இறக்கம், மி.மீ. கணக்கில்: 72, 61, 55, 51, 49, 48, 47, 47. நீர் 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்பதுதான் நமக்குத் தேவை. 30-ஐ 25-ஆல் பெருக்கி இறக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 750-ஐ 47-ஆல் வகுத்தால் 16 நிமிடம். முதல் அரைமணியோடு எழுந்து போயிருந்தால் 750-ஐ 72-ஆல் வகுத்து 10.4 என்று எழுதியிருப்போம்.

மெதுவான மண்ணில் அளவு நுணுக்கமாக இருக்கவேண்டும். அரைமணியில் 10 மி.மீ. இறங்கினால் 75 நிமிடம். அதில் 2 மி.மீ. தப்பாக 12 என்று படித்துவிட்டால் 62.5, எட்டு என்று படித்தால் 94. இந்த மாதிரி மண்ணில் ஒரு மணி நேர இடைவெளியில் அளந்தால் பிழை பாதியாகும்.

எண் என்ன சொல்கிறது

ஐந்து குழிகள் 14, 15, 16, 17, 18 என்று வந்து, ஆறாவது 55 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் 22.5, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நிலத்தில் எந்த இடத்திலும் 22.5 கிடையாது. ஐந்து இடங்களில் 16 ஒட்டி இருக்கிறது, ஒரு மூலையில் 55 இருக்கிறது. அந்த மூலையை விட்டுவிட்டு வரையலாம், அல்லது பக்கத்தில் இன்னும் இரண்டு குழி போட்டுக் களித்தட்டு எதுவரை ஓடுகிறது என்று பார்க்கலாம். சராசரிக்குள் அதை ஒளித்து வைக்கக்கூடாது.

பொதுவான எல்லைகள் இவை. 25 மி.மீ.க்கு 60 நிமிடத்துக்கு மேல் என்றால் மண்ணில் உறிஞ்சவிடும் அமைப்பு எதுவும் சரிப்படாது. 30-க்கு மேல் என்றால் ஆழமான உறிஞ்சுகுழி வேண்டாம், பரவலான பள்ளங்கள்தான். பிரிட்டனின் விதி வேறு அலகில் பேசும்: 1 மி.மீ. இறங்க எத்தனை விநாடி. அங்கே 12 முதல் 100 வரை ஏற்பு. நம் கணக்கில் அது 5 முதல் சுமார் 42 நிமிடம். மாற்ற விரும்பினால் நிமிடத்தை 2.4-ஆல் பெருக்குங்கள்.

அந்தக் கீழ் எல்லையைப் பலர் கவனிப்பதில்லை. வேகமாக இறங்குவது நல்லது என்றே நினைக்கிறோம். 25 மி.மீ. ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது என்றால், கழிவுநீர் சுத்தமாக நேரமே கிடைக்காமல் கிணற்று நீரோடு கலக்கும். மெதுவான மண் தன் குறையைத் தரைக்கு மேலே நாற்றத்தோடு காட்டிக்கொடுத்துவிடும். வேகமான மண் காட்டிக்கொடுக்காது, அதனால்தான் எனக்கு அது இன்னும் பயம்.

பரப்பளவுக் கணக்கு

ஐ.எஸ். 2470-இன் சூத்திரம்: ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் ஏற்கும் லிட்டர் = 204-ஐ நிமிட எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தது. நம் 16 நிமிட மண்ணுக்கு வர்க்கமூலம் 4, எனவே 51 லிட்டர். வீட்டிலிருந்து நாளுக்கு 600 லிட்டர் வரும் என்றால் 11.8 சதுர மீட்டர். பள்ளத்தின் அகலம் 0.6 மீட்டர் என்றால் ஏறக்குறைய 20 மீட்டர் நீளம்: 10 மீட்டரில் இரண்டு பள்ளம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 16 நிமிடத்துக்கு 25 மி.மீ. என்றால் ஒரு நாளில் 90 தடவை, மொத்தம் 2250 மி.மீ. அதாவது சதுர மீட்டருக்கு 2250 லிட்டர். சூத்திரம் அனுமதிப்பதோ வெறும் 51. நாற்பத்து நான்கில் ஒரு பங்கு! எங்கே போனது மீதி?

நாம் ஊற்றியது தெளிந்த நீர், அதுவும் சில மணி நேரம். பள்ளத்துக்கு வரப்போவது வருடக்கணக்கில் கழிவுநீர். ஜல்லியும் மண்ணும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்களும் அவற்றின் பிசினும் சேர்ந்து கருப்பாக, வழவழப்பாக ஒரு படலம் வளரும். முதிர்ந்த அமைப்பில் வேகத்தைத் தீர்மானிப்பது மண்ணைவிட அந்தப் படலம்தான். அதுவே கிருமிகளை வடிகட்டவும் செய்கிறது, எனவே அதை எதிரி என்றும் சொல்ல முடியாது. ஆக, நம் எண் கழிவுநீரின் வேகத்தைச் சொல்வதில்லை. ஒரு மண்ணை இன்னொரு மண்ணோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது, அவ்வளவுதான். 2250-ஐப் பார்த்து "இத்தனை இடம் எதற்கு" என்று பள்ளத்தைச் சுருக்கச் சொல்பவரிடம் இதைத்தான் விளக்கவேண்டும்.

பிரிட்டனின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அங்கே ஆட்களின் எண்ணிக்கை, விநாடி எண், 0.25 மூன்றையும் பெருக்கவேண்டும். ஐந்து பேர், 38.4 விநாடி: 48 சதுர மீட்டர். ஒரே மண்ணுக்கு ஓரிடத்தில் 12, இன்னோரிடத்தில் 48. வித்தியாசத்தில் ஒரு பகுதி நீரின் அளவைப் பற்றிய அனுமானத்தால் வருவது, மற்றது எச்சரிக்கை உணர்வால். உங்கள் ஊரின் விதி எதுவோ அதுவே செல்லும். ஆனால் அது கேட்பதற்கு மேல் இடம் இருந்தால் பெரிதாகவே போடுங்கள். பள்ளங்களுக்கு நடுவே 2 மீட்டராவது கைபடாத மண் விடுங்கள். அதே அளவு இன்னொரு இடத்தையும் மாற்றுக்காக ஒதுக்கி வையுங்கள். அதன்மேல் கார் நிறுத்தக்கூடாது, கொட்டகையும் போடக்கூடாது.

தேறவில்லை என்றால்

அதே நிலத்தில் வேறு மூலையை முயலுங்கள், சரிவின் மேற்பகுதி பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதுவும் இல்லையென்றால், வெளியிலிருந்து தகுந்த மணலைக் கொண்டுவந்து மேடு அமைத்து அதன் வழியே விடலாம், நாணல் படுகையோ சிறு சுத்திகரிப்பு நிலையமோ அமைக்கலாம், கடைசி வழியாக மூடிய தொட்டியில் சேர்த்து லாரியில் அனுப்பலாம். எல்லாம் செலவு பிடிப்பவை, எல்லாவற்றுக்கும் தனி வடிவமைப்பு வேண்டும். நிலம் வாங்கும் முன்பே சோதிப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், விற்பவரின் அனுமதியோடு குழி வெட்டிப் பாருங்கள்.

எது வந்தாலும் சரி, அளந்த தாளைப் பத்திரப்படுத்துங்கள்: தேதி, வானிலை, ஒவ்வொரு குழியின் இடமும் ஆழமும், ஊறவைத்த நேரம், ஒவ்வொரு அரைமணியின் இறக்கம், புள்ளிகள் தொடங்கிய ஆழம். குழிகளை அன்றே மூடிவிட்டு, இடத்துக்கு ஒரு முளைக்குச்சி அடித்து வையுங்கள். கட்டுமானம் தொடங்கும்போது அந்தக் குச்சிகளைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள். செங்கல் லாரி ஒரே ஒரு முறை ஏறி இறங்கினாலும் மண் இறுகிப்போகும், அதற்குப் பிறகு உங்கள் 16 அங்கே இருக்காது.